பேண்டு வாத்தியம் என்றால் இளப்பமா?



பேண்டு செட்டை "வெறும் டமடம" என்று சொல்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள், வாத்தியார் புத்தி!

அமெரிக்காவில் ஜான் பிலிப் சூசா (1854–1932) என்று ஒருவர் இருந்தார். அப்பா மரைன் படை பேண்டில் டிராம்போன் வாசித்தவர். மகன் அதே பேண்டுக்கு 1880 முதல் 1892 வரை தலைவராக இருந்தார், பிறகு சொந்த பேண்டோடு உலகம் சுற்றினார். 1896-இல் அவர் போட்ட 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர்' மெட்டை, 1987-இல் சட்டம் போட்டே தேசிய மார்ச் ஆக்கினார்கள். பேண்டுக்காரருக்கு அங்கே அவ்வளவு மரியாதை.

நம் கதை அதைவிடப் பழசு. சூசா பிறப்பதற்கு 19 வருஷம் முன்பே மறைந்துவிட்டவர் முத்துசுவாமி தீட்சிதர். சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் தங்கியிருந்த காலத்தில், கோட்டையில் கம்பெனிக்காரர்களின் பேண்டைக் கேட்டார். காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள், கிட்டத்தட்ட நாற்பது. இங்கிலாந்து ராஜா வாழ்த்தின் மெட்டுதான் 'சந்ததம் பாஹிமாம்' என்றால் பலர் நம்ப மாட்டார்கள்! அவர் தம்பி பாலுசுவாமி வயலினைக் கற்றுக் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். பேண்டில் வந்த கிளாரினெட்டில் முழுக் கச்சேரி செய்த திருச்சி ஏ.கே.சி. நடராஜனுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் நம் திண்டுக்கல்லில்? மாதா கோயில் தேர், மாப்பிள்ளை அழைப்பு, இறுதி ஊர்வலம் எல்லாவற்றுக்கும் அதே ஆட்கள்தான் வேண்டும். சமீபத்தில் ஒரு கல்யாணத்தில், வெயிலில் ஊதிக்கொண்டே வந்தவர்களை மண்டபத்துக்குப் பின்னால் உட்கார வைத்து, கடைசிப் பந்தியில் சோறு போட்டார்கள். ரசம்தான் மிச்சம். நாதஸ்வரக்காரருக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு, பணம். டிரம்பெட்காரருக்கு? இரண்டுக்கும் மூச்சு ஒன்றுதானே!

தலைமையாசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆகஸ்ட் 15-க்குப் பள்ளி பேண்டில் இரண்டு நோட்டுஸ்வரமாவது வாசிக்கச் சொல்லுங்கள். எல்லாமே சங்கராபரணம், சின்னச் சின்ன உருப்படிகள். வாத்தியத்தில் வாசிப்பதால் சாமிப் பாட்டா என்ற கேள்விக்கே இடமில்லை, மெட்டே வெள்ளைக்காரனுடையதுதான். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் ஊர் பேண்டு செட்டிலேயே கேளுங்கள். சம்பளம் பேசித்தான் கூப்பிட வேண்டும்.

யார் முதலில் செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். நான் வந்து முன்வரிசையில் உட்காருகிறேன்.