கடற்கரைச் சாலையில் இரண்டு மீட்டர்

போன மாதம் எங்கள் எடமலைப்பட்டி புதூர் டீக்கடையில் ஒரு வாக்குவாதம். என்னைப் போல ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் காரில் போய்விட்டு வந்திருந்தார். "ஈ.சி.ஆர். மாதிரி ஒரு ரோடு உண்டா சார்! கடலைப் பார்த்துக்கிட்டே போயிட்டோம்" என்றார். மரக்காணம் உப்பளம் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை. ஆலம்பரைக் கோட்டை? அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. "அப்புறம் எதைத்தான் பார்த்தீர்கள்?" என்றேன். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். துய்ப்ளெக்ஸ் கைக்கு 1750-இல் வந்து, 1760-இல் ஆங்கிலேயர் இடித்துப்போட்ட ஆலம்பரைக் கோட்டையை முதலில் பார்த்தது சைக்கிளில் போய்த்தான். 1973-இல், வேலைக்குச் சேர்ந்த புதிதில், நானும் என் வகுப்புத் தோழனும் காரைக்காலிலிருந்து கிளம்பினோம். தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டை நிழலில் கட்டுச்சோறு. கொள்ளிடம் பாலத்தில் இறங்கி அரைமணி நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றோம். சிதம்பரத்தில் இரவு தங்கல். மறுநாள் கடலூர், புதுச்சேரி. அதற்கடுத்த நாள் மரக்காணம். தார் இருந்த இடத்தில் மிதித்தோம், மணல் வந்த இடத்தில் தள்ளிக்கொண்டு போனோம். ஓர் உப்பளத் தொழிலாளி பாத்தியிலிருந்து ஒரு பிடி உப்பை அள்ளிக் கையில் கொடுத்தார். காரில் போகிறவனுக்கு அந்த உப்பு கிடைக்காது.

இப்போது அந்தக் கரை நெடுக நான்கு வழிச்சாலை வேலை நடக்கிறது. அகலமான சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு அகலத்தில் சைக்கிளுக்கு என்று ஒரு முழம்கூட இல்லையே என்பதுதான் என் கேள்வி. நடுவே தடுப்புச் சுவர் எழும்பிவிட்டது. எதிர்ப்பக்கம் போக வேண்டிய கிராமத்துக்காரர் திரும்பும் இடம் தேடி வெகுதூரம் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் எதிர்த்திசையில் ஓட்ட வேண்டும். ஓட்டினால் "விதிமீறல்".

என் தோழன் அப்படித்தான் விழுந்தான். மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது பின்னால் வந்த கார் இடித்துத் தள்ளியது. கார் நிற்கவில்லை. ஆறு மாதம் படுக்கை, இன்று ஊன்றுகோல். காகிதத்தில் "சைக்கிளில் சென்றவரின் கவனக்குறைவு" என்று ஒரு வரி. முப்பத்தைந்து வருடம் கோப்பு எழுதியவன் நான். யாரையும் பொறுப்பாக்க வேண்டாம் என்றால் எந்த வரி எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

2015-இல் தங்கை மகன் வீட்டுக்குப் பிரான்ஸ் போனபோது, லா ரொஷேல் பக்கத்தில் உள்ள இல் த ரே என்ற தீவுக்குக் கூட்டிப்போனான். அங்கேயும் உப்பளங்கள்தான். உப்பளங்களுக்கு நடுவே சைக்கிளுக்கென்றே பாதை. பாட்டிகள் கூடையில் ரொட்டியோடு போகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள். எங்கிருந்தோ வந்த பயணிகளும் போகிறார்கள். அந்த நாட்டின் அட்லாண்டிக் கரையோரமாகவே சுமார் 1,200 கி.மீ. நீளத்துக்குச் சைக்கிள் வழி போட்டு வைத்திருக்கிறார்கள். அறுபது தாண்டிய நான் வாடகைச் சைக்கிளில் பயமில்லாமல் ஓட்டினேன். மரக்காணம் ஞாபகம் வந்தது, கண் கலங்கிவிட்டது.

"அது பணக்கார நாடு, குளிர் நாடு" என்பீர்கள். நம் கரையில் மீன்கூடை கட்டிக்கொண்டு விடியற்காலையில் மிதிப்பவர் வெயிலைப் பார்த்தா கிளம்புகிறார்? பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுப்பது நம் அரசுதானே? கொடுத்த சைக்கிளை ஓட்ட இடம் எங்கே? 1990-களின் தொடக்கத்தில், பக்கத்துப் புதுக்கோட்டையில், அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் பெண்கள். அந்த மாவட்டத்தின் மணமேல்குடி, மீமிசல் வழியாகவும் இதே கடற்கரைச் சாலைதான் போகிறது. சைக்கிள் ஏழைக்குக் கால், பயணிக்குக் கண். ஒரே பாதை இருவருக்கும் போதும்.

சட்டமில்லையா என்றால், வழிகாட்டுதல் எப்போதோ வந்துவிட்டது. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1962-லேயே சைக்கிள் பாதைக்கு விதிமுறை வெளியிட்டது. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததும் அதே ஆண்டுதான். குறைந்தபட்ச அகலம் இரண்டு மீட்டர். நெரிசல் நேரத்தில் மணிக்கு இத்தனை சைக்கிள் போனால் தனிப்பாதை என்று கணக்கும் சொல்கிறது. அங்கேதான் சூட்சுமம். பயமுறுத்தி விரட்டிய பிறகு எண்ணினால் சைக்கிள் எப்படித் தேறும்? திண்ணையை இடித்துவிட்டு, திண்ணையில் யாரும் உட்காருவதில்லை என்று சொல்வது போலத்தான் இது.

2021-இல் முதலமைச்சர் ஸ்டாலினே மாமல்லபுரம் பக்கம் ஈ.சி.ஆரில் சைக்கிள் ஓட்டினார். படம் பார்த்து மகிழ்ந்தேன். முதலமைச்சருக்கு வழி கிடைக்கும். மீன்காரருக்கும் கிடைத்தால்தான் அது பொதுச்சாலை.

பாலமும் சுவரும் எழும்பிய பிறகு "இடமில்லை" என்று பதில் வரும். அதனால் கேட்க வேண்டிய நேரம் இதுதான். சாலைத் துறைக்கு ஒரு மனு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கடற்கரை ஊர்களில் இருக்கும் நண்பர்களே, நீங்களும் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு ஒன்று எழுதுங்கள். ஒரு மனு கோப்பில் தூங்கும். நூறு மனு வந்தால் யாராவது ஒரு குமாஸ்தா எழுந்து அதிகாரி மேசைக்குக் கொண்டுபோவார். நானும் அப்படிக் கொண்டுபோனவன்தான்.

மனு அனுப்பிய செய்தியைத் தோழனிடம் போனில் சொன்னேன். "பாதை வந்தா சொல்லுடா, மூணு சக்கரத்துலயாவது வர்றேன்" என்றான்.