சந்தையில் விலைபோகாத நஞ்சு

இலாபமென்னும் தூண்டுகோல் இல்லையேல் புதிய மருந்து பிறவாது என்பர், பன்னாட்டு மருந்துக் கம்பனிகளுக்காக வாதிடுவோர். அவர்களை ஒரு போகத்திற்கேனும் சம்மாந்துறை வயல்வட்டைகளுக்கு அழைத்துவர வேண்டும்.

வாடியில் உறங்குபவனை எண்ணெய் விரியன் தீண்டுகிறது. வரம்பில் நடப்பவனைப் புடையன் தீண்டுகிறது. வைத்தியசாலையில் அவனுக்கு ஏற்றப்படும் மருந்து எத்தகையது? குதிரையின் உடலிற் சிறிது சிறிதாக நஞ்சைச் செலுத்தி, அதன் குருதியிலிருந்து பிரித்தெடுத்த சீரம். 1890களில் பிரெஞ்சு மருத்துவர் கல்மெற் முதலானோர் வகுத்த முறை அடிப்படையில் இன்றும் அதுவே. இதற்கிடையில் மயிர் உதிர்வைத் தடுக்கவும் மாத்திரை வந்துவிட்டது!

காரணம் மறைவானதன்று. இரத்த அழுத்த நோயாளி ஆயுள் முழுதும் வாடிக்கையாளன். பாம்பு தீண்டியவனோ ஒருமுறை வருபவன், பெரும்பாலும் வெறுங்கையன். ஆபிரிக்கப் பாம்புகள் பத்தின் நஞ்சை முறித்த 'ஃபவ்-அஃப்ரிக்' சீரத்தின் உற்பத்தியைச் சனோஃபி கம்பனி 2014இல் கைவிட்டது. சீரம் பயன்படாது போனதாலன்று. சந்தை பயன்தராது போனதால். எஞ்சிய குப்பிகளும் 2016இற் காலாவதியாயின. உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலிற் சேர்த்ததே 2017இலேதான்.

நாம் நம்பியிருப்பது இந்தியச் சீரத்தை. அதுவும் இல்லையேல் எம்மூர்களில் ஜனாஸாக்கள் பெருகியிருக்கும், மறுப்பதற்கில்லை. ஆயினும் அது இந்தியப் பாம்புகளின் நஞ்சுகொண்டு ஆக்கப்பட்டது. ஓரினப் பாம்பாயினும் நிலத்துக்கு நிலம் நஞ்சு வேறுபடும். இலங்கையில் மிகுதியாகத் தீண்டும் குழிவிரியனுக்கோ அதில் மாற்றே இல்லை. எமது சிறிய தீவுக்கெனத் தனிச்சீரம் ஆக்க எந்தக் கம்பனி முன்வரும்?

முன்வந்தோர் வேறு வகையினர். பேராதனைப் பல்கலைக்கழகத்தாரும், கொஸ்தாரிக்காப் பல்கலைக்கழகத்தின் குளோதோமிரோ பிக்காதோ நிறுவனத்தாரும், இலாபம் கருதாத ஆய்வமைப்பொன்றும் கூடி, இலங்கைப் பாம்புகளின் நஞ்சுகொண்டே சீரமொன்றை உருவாக்கினர். குழிவிரியனும் அதில் அடங்கும். ஆய்வுகூட முடிவுகள் 2016இல் வெளியாயின. தூண்டுகோற் கொள்கையினர் இதற்கு என்ன விளக்கம் கூறுவர்?

அதே பேராதனையின் பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் தோன்றிய அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து, மருந்து கொள்வனவிற் கம்பனிகளின் பிடியைத் தளர்த்திக் காட்டினார். புதுமருந்து ஆக்கும் துறைக்கு அந்தப் போர் இன்னும் நீளவில்லை. இறக்குமதிச் சீரத்துக்கு அந்நியச் செலாவணி செலவிடும் அரசு, குதிரை லாயமொன்றுக்கும் நச்சாய்வுகூடமொன்றுக்கும் நிரந்தர நிதி ஒதுக்கட்டும். முதற் குப்பிகள் வட்டைகளுக்கு அருகிலுள்ள வைத்தியசாலைகளுக்கு வரட்டும்.