கொள்ளிட முகத்துவாரம்

முக்கொம்பில் மதகுகளைத் திறந்து கொள்ளிடத்தில் வெள்ளம் விடும் நாட்களில் திருச்சி, ஸ்ரீரங்கவாசிகள் பாலத்தின்மீது கூட்டங்கூட்டமாக நின்று வேடிக்கை பார்ப்பது வழக்கம். “இவ்வளவு ஜலமும் வீணாகக் கடலுக்குப் போகிறதே!” என்ற அங்கலாய்ப்பு அங்கே தவறாமல் காதில் விழும். நமது பத்திரிகையும் இவ்வார்த்தையைப் பன்முறை அச்சிட்டிருக்கிறது; மேட்டூர் நிரம்பி வழிந்த வருஷங்களில் தலைப்பாகவே இட்டிருக்கிறது. அதனை இன்று மறுவிசாரணைக்கு எடுத்துக்கொள்வது அவசியமென்று கருதுகிறோம்.

சட்டம் இந்த ஜலம் முழுவதையும் வீண் என்று சொல்லவில்லை. காவேரி நடுவர் மன்றம் 2007ல் அளித்த தீர்ப்பில், 740 டி.எம்.சி. நீரில் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கென்று 10 டி.எம்.சி.யும், தவிர்க்க முடியாமல் கடல் சேருவதென்று 4 டி.எம்.சி.யும் ஒதுக்கிற்று. 2018 பிப்ரவரி 16ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தமிழ்நாட்டின் பங்கை 419லிருந்து 404.25 டி.எம்.சி.யாகக் குறைத்தபோதும், இந்தப் பதினாலில் கைவைக்கவில்லை. நான்கு தரப்பாரும் பெரிய வக்கீல்களை அமர்த்தி வருஷக்கணக்காக வாதாடினார்கள். முகத்துவாரத்துக்கு வக்கீல் இல்லை. எனினும் ஆற்றுக்கென்று ஒரு பங்கு எழுதப்பட்டுவிட்டது. டிக்ரி கிடைப்பது வேறு, அதனை நிறைவேற்றிக்கொள்வது வேறு என்பதைக் கோர்ட்டு வாசல் மிதித்த எவரும் அறிவர்.

அப்பங்குக்கு உரியது எது? கொள்ளிடம் கடலில் விழும் பழையாற்றுக்கு வடக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிச்சாவரத்துச் சதுப்புக்காடு இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் வளரும் காடு அது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே வனத்துறையார் அதைக் கூறுகூறாக மொட்டையடித்து வெட்டினர். வெட்டிய இடத்தில் மண் உள்வாங்கிப் பள்ளமாயிற்று. ஏறிய கடல்நீர் திரும்ப வழியின்றித் தேங்கிக் காய்ந்தது. உப்பு மிகுந்து புல்லும் முளைக்கவில்லை. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வனத்துறையுடனும் கிராமத்தாருடனும் சேர்ந்து, மீன் முள்ளைப்போல் கிளை கிளையாக வாய்க்கால் வெட்டி ஏற்றவற்றத்தை உள்ளே விட்டுக் கண்டல் நட்டார்கள். காடு விரிந்ததை வானிலிருந்து எடுத்த படங்கள் காட்டின. 2022ல் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆயினும் மரம் வானிலிருந்து தெரியும், மீன் தெரியாது. அங்குள்ள இருளர் குடும்பங்கள் சேற்று நீரில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைப்பவர்கள். இறால் குஞ்சு வளர உவர்நீர் வேண்டும். வெறும் உப்புநீர் போதாது. மேலேயிருந்து நன்னீர் வந்தால்தான் முகத்துவாரம் முகத்துவாரமாக இருக்கும்.

உல்லம் மீனின் கதையோ இன்னும் வருந்தத்தக்கது. வங்காளிகள் இலிஷ் என்றும், கோதாவரிக்காரர் புலசா என்றும் கொண்டாடுவது இதனைத்தான். கடலில் வளர்ந்து, வெள்ளம் கண்டதும் ஆறேறி முட்டையிடுவது அதன் சுபாவம். 1836ல் கட்டிய கீழணை அதற்கு முதல் தடை. ஆற்றணைகள் இம்மீனை மறிக்கின்றன என்று 1873லேயே பிரான்சிஸ் டே சர்க்காருக்கு எழுதினார். 1909ஐ ஒட்டி எச். ஸி. வில்ஸன் என்ற நிபுணர் கொள்ளிடத்தில் அதன் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்க முயன்றார். 1934ல் மேட்டூர் அணை முடிந்தது. வெள்ளத்தோடு உல்லமும் குறைந்தது. டெல்டாவுக்குச் சோறிட்ட அந்த அணையை நாம் குறை கூறவில்லை. விலை கொடுத்தோம் என்பதை மட்டும் மறக்கலாகாது.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் சால்மன் என்றொரு மீன் உண்டு. அது ஆற்றில் பிறந்து கடலுக்குப் போவது. அதில் ஓர் இனத்தின் குஞ்சுகள் கடலேகுமுன் முகத்துவாரத்தில் சில வாரம் தங்கிக் கொழுக்கும். நிஸ்குவாலி ஆற்றின் முகத்துவாரத்தில், நூறு வருஷமாகக் கடலை மறித்திருந்த கரையை 2009ல் உடைத்து 762 ஏக்கரில் அலையை மீண்டும் விட்டார்கள். விழா நடத்திவிட்டு வீடு திரும்பவில்லை. அவ்வாற்றின் பூர்வகுடிகளும் சர்க்கார் விஞ்ஞானிகளும் வருஷந்தோறும் குஞ்சுகளை எண்ணினார்கள். அவை தின்ற பூச்சியையும், படிந்த வண்டலையும் அளந்தார்கள். அளந்ததனால்தான் மேலேயுள்ள அணை வண்டலைத் தடுத்துக்கொள்கிறது, சதுப்பு நிலம் உயரப் போதிய மண் வரவில்லை என்பது புலப்பட்டது. மேட்டூரின் அடியில் தங்கும் வண்டலை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

கடைமடைக் குடியானவர் நம்மீது சீறக்கூடும்: பயிருக்கே தண்ணீரில்லை, இறாலுக்கா என்று. குறுவைக்குரிய ஒரு துளியையும் நாம் கேட்கவில்லை. சில நாளில் பாய்ந்தோடும் பெருவெள்ளம் வருஷம் முழுவதற்கும் ஈடாகாது. வறண்ட மாதங்களில் சிறிதளவு இடைவிடாது சென்றால் முகத்துவாரம் பிழைக்கும். கடல்நீர் கொள்ளிடத்திலேறிக் கிணற்றை உப்பாக்கும்போது நஷ்டப்படுபவரும் அதே குடியானவர்தாம்.

2018 ஆகஸ்டு 22ந் தேதி இரவு முக்கொம்பில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோது மந்திரிகளும் இஞ்சினியர்களும் ஓடோடி வந்தனர்; புதுக் கதவணையும் எழுந்தது. ஆற்றின் தலைக்கு இத்தனை கவனம், வாய்க்கு எத்தனை? பிலிகுண்டுலுவில் வரும் நீரின் கணக்கை நாம் பத்திரிகைகளில் ஓயாது படிக்கிறோம். பழையாற்றில் எவ்வளவு நன்னீர் கடலைச் சேர்ந்தது, உப்பின் அளவு என்ன, இந்த வருஷம் இறால் குஞ்சு எவ்வளவு, உல்லம் ஒன்றாவது வலையில் விழுந்ததா என்ற கணக்கை வாசகர்கள் எங்கேனும் கண்டதுண்டா? நமது பத்திரிகையிலும் இல்லை. அக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

நீர்வளத் துறையாரும் மீன்வளத் துறையாரும் கூடி, இருளர்களையும் பழையாற்று மீனவர்களையும் கூலி கொடுத்துத் துணைக்கொண்டு, இக்கணக்கை மாதந்தோறும் எடுத்து வெளியிட வேண்டும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலை சர்வகலாசாலையின் கடல் உயிரியல் நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆளில்லை என்ற சாக்குச் செல்லாது. கணக்கு வருமாயின், மேட்டூர் நீர்மட்டம் அச்சாகும் அதே கட்டத்தில், அதற்கு நேர் கீழே, இடம் கொடுக்க நாம் சித்தமாயிருக்கிறோம்.