இருதயப் பம்புக்கும் புத்தி வேண்டும்

மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. மேலே போய் உட்கார்ந்தால் சிறிது நேரத்தில் அடங்கிவிடுகிறது.

யார் சொல்லி அது வேகம் பிடித்தது? யார் சொல்லி அடங்கியது? யாரும் சொல்லவில்லை. இருதயம் தானே அறிந்து வேலை செய்கிறது.

நாம் சும்மா இருக்கும்போது இருதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. உழைக்கும்போது அதைப்போல் சில மடங்கு இறைக்கிறது. அதிக ரத்தம் வந்தால் அதிகமாகத் தள்ளுகிறது. குறைவாக வந்தால் குறைவாகத் தள்ளுகிறது.

சிலருடைய இருதயம் இந்தச் சக்தியை இழந்துவிடுகிறது. மருந்தும் பலன் தருவதில்லை. மாற்று இருதயமோ எளிதில் கிடைப்பதில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு உதவவே இருதயப் பம்பு வந்தது.

உயிர் காத்த பம்பு

1966ம் ஆண்டு அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் டாக்டர் மைக்கேல் டிபேக்கி ஒரு பெண்ணுக்கு இத்தகைய பம்பைப் பொருத்தினார். அது 10 நாள் அவருடைய இருதயத்துக்குத் துணை செய்தது. பிறகு பம்பை எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார்.

2001ல் அமெரிக்க டாக்டர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மருந்து மட்டும் சாப்பிட்ட நோயாளிகளில் 100க்கு 25 பேரே ஓர் ஆண்டு உயிரோடு இருந்தார்கள். பம்பு பொருத்தியவர்களில் 100க்கு 52 பேர் இருந்தார்கள்.

இன்றைய பம்பு உள்ளங்கையில் அடங்கும். அதை நெஞ்சுக்குள் இருதயத்தோடு சேர்த்துப் பொருத்துகிறார்கள். உள்ளே இருக்கும் சக்கரம் நிமிஷத்துக்கு 5,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. வயிற்றுத் தோல் வழியாக ஒரு மின்கம்பி வெளியே வருகிறது. பேட்டரியை நோயாளி உடம்பில் மாட்டிக்கொள்கிறார்.

குறை என்ன?

பம்பின் வேகத்தை டாக்டர் குறித்துவிடுகிறார். நோயாளி தூங்கினாலும் அதே வேகம். படி ஏறினாலும் அதே வேகம்.

கிணற்றில் தண்ணீர் வற்றியது தெரியாமல் ஓடும் மோட்டாரைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அப்படித்தான். வாந்தி பேதியால் உடம்பில் நீர் குறைந்தால், பம்பு இருதயத்தின் சுவரையே இழுத்துவிடலாம். வேகம் போதாவிட்டாலும் ஆபத்து. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மூச்சுத் திணறும்.

இழுப்பு ஏற்பட்டால் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு சில பம்புகளில் உண்டு. ஆனால் உடம்பின் தேவை அறிந்து, கூட்டவும் குறைக்கவும் தெரிந்த பம்பே வேண்டும். விஞ்ஞானிகள் இதற்காகப் பல ஆண்டுகளாக உழைக்கிறார்கள்.

இது முடியாத காரியம் அல்ல. பிரான்ஸ் நாட்டில் செய்த முழுச் செயற்கை இருதயம் ஒன்று, ரத்த அழுத்தத்தை அறிந்து தன் வேலையைத் தானே மாற்றிக்கொள்ளும். அதற்கு 2020ல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது.

அவசரம் கூடாது

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பம்புக்குப் புத்தி சொல்வது, ரத்தத்தின் அழுத்தத்தை அளக்கும் சிறு கருவி. அது பல ஆண்டுகள் ரத்தத்தில் நனைந்தபடியே இருக்க வேண்டும். அதன் மேல் படலம் படியும். நாளடைவில் அளவு தவறலாம். அளவு தவறினால் கட்டளையும் தவறும். தவறான கட்டளை உயிருக்கே உலை வைக்கும்.

ஆகவே பம்பு தானே இயங்கட்டும். ஆனால் டாக்டர் போட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. அளக்கும் கருவியில் சந்தேகம் வந்தால், உடனே டாக்டர் குறித்த பழைய வேகத்துக்குத் திரும்ப வேண்டும். நோயாளிக்கும் வீட்டாருக்கும் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். இவ்வளவும் நீண்ட நாள் சோதித்துப் பார்த்த பிறகே மனிதருக்குப் பொருத்த வேண்டும்.

பம்பு பொருத்தியவர் உயிரோடு இருந்தால் மட்டும் போதாது. பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்து போக வேண்டும். அதுதான் வாழ்வு.

மனிதன் செய்த பம்புக்குப் பலம் வந்துவிட்டது. இனி புத்தி வர வேண்டும். புத்தியோடு அடக்கமும் வர வேண்டும்!