லேசர் சூரியன்: மின் கட்டணக் கணக்கும் ஆயுதக் கணக்கும்

அமெரிக்கா செயற்கைச் சூரியனை உருவாக்கிவிட்டது, இனி உலகுக்கே அள்ள அள்ளக் குறையாத மின்சாரம் என்ற செய்தி 2022 டிசம்பரிலிருந்து பல வடிவங்களில் சுற்றி வருகிறது. அதில் உண்மை எவ்வளவு? மின்சாரம் எவ்வளவு? இந்த ஆய்வுக்குக் கோடிக்கணக்கில் பணம் கொட்டியவர்கள் எதை எதிர்பார்த்துக் கொட்டினார்கள்? நம் வீட்டு மின் கட்டணக் கணக்கை வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

என்ன நடந்தது?

நமக்கு அருகில் கல்பாக்கத்தில் தலா 220 மெகாவாட் திறன் கொண்ட இரண்டு அணு உலைகள் உள்ளன. அங்கே பெரிய அணு பிளக்கப்படுகிறது. சூரியனில் நடப்பது இதற்கு நேர்மாறானது. ஹைட்ரஜனின் சிறிய அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைகின்றன. பனமலை ஏரியின் மேல் விழும் வெயிலும் விழுப்புரத்துச் சூரியத் தகடுகளில் பிறக்கும் மின்சாரமும் அந்த இணைவிலிருந்து வருபவைதான்.

இந்த இணைவைப் பூமியில் நடத்திக் காட்ட, கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் 192 லேசர் கற்றைகள் கொண்ட மாபெரும் கூடம் கட்டப்பட்டது. 2009ல் செயல்படத் தொடங்கிய அதற்கான செலவு சுமார் 350 கோடி டாலர். சுமார் 1 சென்டிமீட்டர் நீளமுள்ள தங்க உருளைக்குள், கடுகை விடச் சற்றே பெரிய எரிபொருள் குண்டுமணி வைக்கப்படும். அத்தனை கற்றைகளும் ஒரு வினாடியின் 100 கோடியில் சில பங்கு நேரத்துக்கு அந்த உருளையின் உட்சுவரில் பாயும். சுவரிலிருந்து எக்ஸ் கதிர்கள் கிளம்பி, குண்டுமணியை எல்லாப் பக்கமும் நசுக்கும். உள்ளே வெப்பம் 10 கோடி டிகிரியைத் தாண்டும்போது அணுக்கருக்கள் இணையும்.

குறுக்கே வந்த ராமன்

சொல்ல எளிது. ஆனால் 2012 வரை தீவிரமாக முயன்றும் இலக்கை எட்ட முடியவில்லை. முக்கியமான தடைகளில் ஒன்று பிளாஸ்மா. இவ்வளவு வலிமையான ஒளி பட்டதும் பொருள் ஆவியாகி, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து வந்துவிடும். அந்தக் கலவைக்குத்தான் பிளாஸ்மா என்று பெயர். மின்னலில் பளிச்சிடுவதும் டியூப்லைட்டுக்குள் ஒளிர்வதும் அதுவே.

பிளாஸ்மாவில் எலக்ட்ரான்கள் அலை அலையாக ஆடும். லேசர் அந்த அலையை வளர்த்துவிடும். வளர்ந்த அலையோ லேசரின் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். இதற்கு அறிவியலார் வைத்திருக்கும் பெயர் தூண்டப்பட்ட ராமன் சிதறல். திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன்தான் அந்த ராமன். ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளி, தன் ஆற்றலில் சிறு பங்கை அப்பொருளின் அதிர்வுக்குக் கொடுத்து நிறம் மாறுவதை அவர் 1928ல் கண்டறிந்தார். 1930ல் நோபல் பரிசு பெற்றார். அதே விளைவின் பிளாஸ்மா வடிவம்தான் இந்த லேசரின் வழியை மறித்தது.

உருளைக்குள் நிரப்பும் வாயுவைக் குறைத்தார்கள். குண்டுமணியின் வடிவமைப்பையும் மாற்றினார்கள். இப்படிப் பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி, 2022 டிசம்பர் 5 அன்று வென்றார்கள். உள்ளே சென்ற லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல், வெளியே வந்தது 3.15 மெகாஜூல். 2025ல் அது 8.6 மெகாஜூலாக உயர்ந்தது.

யூனிட் கணக்கு

3.6 மெகாஜூல் என்பது நம் மீட்டரில் ஒரு யூனிட். அப்படியானால் 2022ல் உலகையே வியக்க வைத்த அந்த ஆற்றல் ஒரு யூனிட்கூட இல்லை. 8.6 மெகாஜூல் என்பதும் சுமார் 2.4 யூனிட்தான். அதுவும் வெப்பமாக வந்ததே தவிர மின்சாரமாக அல்ல. மாற்றும்போது பெரும்பகுதி வீணாகும்.

செலவுப் பக்கம் என்ன? 2.05 மெகாஜூல் லேசரை உண்டாக்க அந்தக் கூடம் மின்சாரக் கம்பியிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல், அதாவது ஏறத்தாழ 83 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியைச் செலவழித்து ஒரு யூனிட்டுக்கும் குறைவாகப் பெற்றிருக்கிறார்கள். மேலும், மின் நிலையமாக இயங்க வேண்டுமென்றால் இந்த வெடிப்பு வினாடிக்குச் சுமார் 10 முறை நடக்க வேண்டும். இன்று ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறை நடத்துவதே பெரிய காரியம்.

அறிவியல் வெற்றி உண்மையானது. ஆனால் அது நம் மின் கட்டணத்தைக் குறைக்கும் காலம் அருகில் இல்லை. இதைக் காட்டி யாராவது முதலீடு கேட்டு வந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

ஆயுதக் கணக்கு

லாபமில்லாத இந்த வேலைக்கு இத்தனை பணம் ஏன்? அந்தக் கூடத்துக்கு நிதி தருவது அமெரிக்காவின் அணு ஆயுதங்களைப் பராமரிக்கும் அமைப்பு. 1992 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்கா அணுகுண்டு வெடித்துச் சோதிக்கவில்லை. ஹைட்ரஜன் குண்டுக்குள் நடப்பதைச் சிறிய அளவில் ஆராய இந்த லேசர் உதவுகிறது. மின்சாரம் இரண்டாவது நோக்கம்தான். பிரான்சும் போர்தோ நகருக்கு அருகில் இதே காரணத்துக்காகப் பெரிய லேசர் கூடம் கட்டியிருக்கிறது. 1996ஆம் ஆண்டின் அணு ஆயுதச் சோதனைத் தடை ஒப்பந்தம் இதைத் தடுக்காது என்பது இந்நாடுகளின் வாதம்.

குண்டு வெடித்து நிலத்தையும் காற்றையும் பாழாக்குவதை விட ஆய்வகம் மேல் என்பது நியாயமான பேச்சு. ஆனால் அதே அமெரிக்கா, யுரேனியம் செறிவூட்டலைக் காரணம் காட்டி 2025 ஜூனில் ஈரான் மீது குண்டு வீசியது. அதே ஆண்டு அக்டோபரில், அணு ஆயுதச் சோதனைகளை மீண்டும் தொடங்கும்படி அதிபர் ட்ரம்ப் அறிவித்தார். அறிவு யார் கையில் இருக்கிறதோ, விதியை எழுதுவதும் அவர்களாகவே இருக்கிறார்கள்.

நம் பிள்ளைகள் எங்கே?

இந்த அறிவு பூட்டிவைக்கப்பட்டதல்ல. லேசரும் பிளாஸ்மாவும் மோதும்போது நடப்பதைக் கோட்பாட்டளவில் ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் காஷ்மீரில் பிறந்த பி.கே. காவ். குஜராத் காந்திநகரின் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தை வளர்த்தெடுத்தவரும் அவரே. மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் இதே துறையில் பணியாற்றும் ஜி. ரவீந்திர குமார் 2003ல் பட்நாகர் விருதும் 2015ல் இன்ஃபோசிஸ் பரிசும் பெற்றவர். இந்தூரின் ராஜா ராமண்ணா மையத்திலும் உயர்திறன் லேசர்கள் உள்ளன.

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பிஎஸ்சி இயற்பியல் படிக்கும் மாணவியும் இவற்றுக்குள் நுழையலாம். எம்எஸ்சி முடித்து ஜெஸ்ட், நெட், கேட் போன்ற தேர்வுகளில் தேற வேண்டும். முனைவர் பட்ட ஆய்வுக்கு மாதாந்திர உதவித்தொகை உண்டு. இயற்பியல் படித்தால் வேலை கிடைக்காது என்று நாமே பிள்ளைகளைத் திருப்பிவிடுகிறோம். நீட், பொறியியல் தவிர வேறு பாதைகளும் இருக்கின்றன என்பதை முதலில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த ஆற்றலை நாளை மின்சாரத்துக்குப் பயன்படுத்துவதா, குண்டுக்குப் பயன்படுத்துவதா என்று முடிவெடுக்கும் மேசையில் நம் வீட்டுப் பிள்ளைகளும் அமர வேண்டும். பிளஸ் டூவில் என்ன பாடம் எடுப்பது என்று வீட்டில் பேசும்போதே அதற்கான வழி தொடங்கிவிடுகிறது.