அந்த நெல்லிக்காய் எந்த நெல்லிக்காய்?

“சோவினியோன் பிளாங்க் ஒயினில் நெல்லிக்காய் மணக்கிறது, செனின் பிளாங்க் வெறும் சர்க்கரைத் தண்ணீர்.” நாசிக் ஒயின்களைப் பற்றி இப்படித் தீர்ப்பெழுதி, செனினை விரும்புவோரைச் சுவையறியாதவர் என்று நகைக்கும் நண்பர்களுக்கு என் மறுப்பு இது.

முதலாவதாக, அது நம் நெல்லிக்காயே அன்று. ஆங்கிலேயரின் கூஸ்பெரி, குளிர்நிலப் புதர் ஒன்றின் கனி. நம்முடையதோ துவர்த்துப் பின் இனிக்கும், வேறொரு தாவரக் குடும்பத்து மரத்தின் காய். அகராதி இரண்டையும் ஒரே சொல்லில் கட்டியது. நாமோ நாவையே அச்சொல்லுக்கு அடகு வைத்தோம். சோவினியோனின் பச்சை வாசத்திற்குக் காரணமான மெத்தாக்ஸிபைரசீன் குடைமிளகாயிலும் உண்டு. குடைமிளகாய் என்று சொல்ல என்ன கூச்சம்?

இரண்டாவதாக, இனிப்பு செனினின் பிறவிக்குணமன்று. அதன் இயல்பு கூர்மையான புளிப்பு. பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில் அதே திராட்சையிலிருந்து இனிப்பற்ற ஒயினும் தேனொத்த ஒயினும் பிறக்கின்றன. நொதித்தலை எங்கே நிறுத்துவது என்பது செய்பவரின் முடிவு, கொடியின் குற்றமன்று.

2001இல் வெளியான போர்தோ ஆய்வொன்றில், சிவப்புச் சாயமிட்ட வெள்ளை ஒயினை 54 ஒயினியல் மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வருணித்தனர். பயின்றவர் மூக்கையே கண் ஏமாற்றுமெனில், நம்மைப் பெயர்ச்சீட்டு ஏமாற்றாதா?

எதையும் விரும்புங்கள். இரவல் சொல்லை மட்டும் நாவின் சாட்சியமாக்காதீர்கள்.