அழித்தல் தீர்வாகாது

புதுச்சேரியின் தெருப்பெயர்ப் பலகைகள் பலவற்றில் தமிழும் பிரெஞ்சும் அருகருகே விளங்குகின்றன. 1954இல் ஆட்சி கைமாறியபோது அந்நகரம் பழைய மொழியைத் துடைத்தெறியவில்லை. இரண்டிற்கும் இடம் வகுத்துக்கொண்டது. ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவுவதும் அத்தகைய இடவகுப்பே ஆகும்.

அண்டை மாநிலமான தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்க்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில், தொடக்கத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடம்பெற்றிருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இக்கட்டற்ற இயங்குதளம் தமிழிலும் இயங்கவல்லது. மாணவர் கையில் ஒன்றுக்கு இரண்டு வழிகள் இருந்தன.

இரண்டாவது இயங்குதளத்தை நிறுவும் முயற்சி தோற்றால், 'அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு' என்பதே பலரும் கூறும் அறிவுரை. அது விரைவான வழிதான். ஆயினும், மாணவர் ஈராண்டாகச் சேர்த்த குறிப்புகளும் ஒளிப்படங்களும் அதனோடு அழிந்துபோகின்றன. பழுதின் காரணமோ அறியப்படாமலே எஞ்சுகிறது.

உண்மையில் பழுது பெரும்பாலும் சிறியதே. லினக்ஸ் உள்ள கணினியில் விண்டோசைப் பின்னர் நிறுவினால், தொடக்கப் பட்டியலைக் காட்டும் 'கிரப்' என்னும் நிரல் ஒதுக்கப்பட்டுவிடலாம். லினக்ஸ் திரையில் தோன்றாது. அதன் கோப்புகளோ வன்தட்டிலேயே இருக்கும். வாயிற்காவலன் மாறினானேயன்றி வீடு இடிந்துவிடவில்லை. ஓர் இயங்குதளம் பழைய பயாஸ் முறையிலும் மற்றொன்று யூஇஎஃப்ஐ முறையிலும் நிறுவப்பட்டால், தொடக்கப் பட்டியலில் ஒன்று விடுபட்டுப்போகும். பழைய எம்பிஆர் வட்டுமுறையில் 4 முதன்மைப் பகுதிகளே அமையும். அவை நிரம்பியிருந்தால், வெற்றிடம் இருந்தும் நிறுவல் நின்றுவிடும்.

ஆகவே, லினக்ஸ் கொண்ட விரலியிலிருந்து கணினியை இயக்கி, கோப்புகளை வேறோர் இடத்தில் படியெடுப்பதே முதற்பணி. அடுத்து, பிழைச்செய்தியை இறுதிவரை படித்தல் வேண்டும். பின்னர் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து சோதித்தல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றுவோர், பழுது நீங்கினாலும் எதனால் நீங்கியது என்பதை அறியார்.

வன்தட்டே சிதைந்திருப்பின் வேறு வழியில்லை என்பது உண்மை. அந்நிலையை ஆராய்ந்து உறுதிசெய்த பின்னரே கைவிடுதல் முறை. எடுத்த எடுப்பில் அழிப்பவர்க்குப் பெரும்பாலும் ஓர் இயங்குதளமே மிஞ்சுகிறது. தேர்ந்தெடுக்கும் உரிமை ஓசையின்றி மறைகிறது. கருவியை வைத்திருப்பதனால் மட்டும் ஒருவர் அதற்கு உரியவர் ஆகிவிடார்; அதன் பழுதைப் பொறுமையுடன் ஆராயக் கற்றவரே உரியவர் ஆவார்.